மதர்போர்டில் எது கூடவே வர வேண்டும், எதைத் தனியாக வாங்கலாம்?

மதர்போர்டுப் பெட்டியின் பின்பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். வைஃபை 7, 2.5 ஜிகாபிட் ஈதர்நெட், 7.1 ஒலி, நான்கு எம்.2 ஸ்லாட் (மெல்லிய எஸ்எஸ்டி செருகும் இடம்), யூஎஸ்பி 4 என்று பட்டியல் நீளும். இரண்டு போர்டுகளில் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும்போது பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வசதியையும் ஒரே கேள்வியால் சலித்துவிடலாம்: இது போர்டில் இல்லையென்றால், பிறகு ஒரு கார்டையோ யூஎஸ்பி கருவியையோ செருகிச் சேர்த்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதற்காக இப்போதே கூடுதல் பணம் கொடுக்க அவசரமில்லை. முடியாது என்றால் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

ஒலி, வைஃபை, நெட்வொர்க், கூடுதல் சாட்டா போர்ட்டுகள் (வன்தட்டையும் பழைய வகை எஸ்எஸ்டியையும் கேபிளில் இணைப்பவை) எல்லாம் பிறகு சேர்க்கக்கூடியவை. ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி, பிசிஐஇ தடங்களை, அதாவது கார்டுகளும் எஸ்எஸ்டிகளும் தகவல் அனுப்பும் பாதைகளை, பிரித்திருக்கும் விதம், ரேம் ஸ்லாட்டுகள், திரை இணைப்புகள், பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) வசதிகள் ஆகியவை போர்டோடு பிறந்தவை. மாற்ற வேண்டுமென்றால் போர்டையே மாற்ற வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முதல் வகை. இரண்டாவது வகை பயனர் கையேட்டின் அடிக்குறிப்புகளில் கிடக்கும்.

சந்தையில் இருப்பவற்றை வசதிக்காக மூன்று தட்டுகளாக வைத்துக்கொள்வோம். அடித்தட்டில் இன்டெல் எச்610, ஏஎம்டி ஏ620 சிப்செட் (ப்ராசஸருக்குத் துணையாகப் போர்ட்டுகளைக் கவனிக்கும் சிப்) போர்டுகள். நடுத்தட்டில் பி760, பி650, பி850. மேல்தட்டில் இசட்790, இசட்890, எக்ஸ்870 வகைகள். இந்தப் பிரிவு ஓரளவுக்குத்தான் உதவும். ஒரே பி650 சிப்செட்டில் மெலிந்த போர்டும் உண்டு, பலமான போர்டும் உண்டு.

தடங்கள் எங்கே போகின்றன?

போர்டில் செருகும் எந்தப் பொருளும் கடைசியில் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் போய்ச் சேரும். ஒன்று நேராக ப்ராசஸர், மற்றொன்று சிப்செட். ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 28 பிசிஐஇ 5.0 தடங்கள் இருக்கின்றன. அதில் 4 சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி 24-இல் 16 கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கு, 4 முதல் எம்.2 ஸ்லாட்டுக்கு, எஞ்சிய 4-ஐ என்ன செய்வது என்பது போர்டு தயாரிப்பாளரின் விருப்பம். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் (12 முதல் 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் உட்காரும் இடம்) பிசிஐஇ 5.0 தடங்கள் 16, பிசிஐஇ 4.0 தடங்கள் 4.

இவை போக மற்ற எல்லாமே, அதாவது மற்ற எம்.2 ஸ்லாட்டுகள், சாட்டா, ஈதர்நெட், வைஃபை, பெரும்பாலான யூஎஸ்பி போர்ட்டுகள், சிப்செட்டில் தொங்குகின்றன. சிப்செட்டிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் இணைப்பு பி650-இலும் பி760-இலும் பிசிஐஇ 4.0 வேகத்தில் 4 தடங்கள். நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட். இசட்790-இல் 8 தடங்கள், ஏறத்தாழ 16 ஜிகாபைட். எக்ஸ்670இ, எக்ஸ்870இ போர்டுகளில் இரண்டு சிப்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். போர்ட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் ப்ராசஸரோடு பேசும் இணைப்பு அதே 4 தடங்கள்தான். பத்து வாசல் வைத்துக் கட்டினாலும் வெளியே போகிற சந்து ஒன்றுதான்.

இதை நினைத்து மிரளத் தேவையில்லை. சிப்செட்டில் இருக்கும் ஒரு பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி தனியாக ஓடினால் தன் முழு வேகமான 7 ஜிகாபைட்டைத் தொட்டுவிடும். ஒரே நேரத்தில் இரண்டு எஸ்எஸ்டிகளையும் நெட்வொர்க்கையும் அடித்து ஓட்டும் வேலை இருப்பவருக்குத்தான் இசட்790-இன் அகலமான இணைப்பு உண்மையில் உதவும். மற்றவர்களைக் கடிப்பது வேறு ஒன்று, பங்கீடு.

ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகியதும் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செத்துப்போகும் போர்டுகள் உண்டு. சில போர்டுகளில் சாட்டா வகை எம்.2 வைத்தால் மட்டும் அப்படி நடக்கும். எல்ஜிஏ 1700 ப்ராசஸரில் எம்.2-வுக்கென்று தனியாகப் பிசிஐஇ 5.0 தடம் கிடையாது. ஆகவே ஒரு இசட்790 போர்டு பிசிஐஇ 5.0 எம்.2 தருகிறது என்றால், அதற்கான தடங்களைக் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டிலிருந்துதான் பிடுங்குகிறது. அங்கே எஸ்எஸ்டி வைத்த கணமே கிராஃபிக்ஸ் கார்டு 16 தடத்திலிருந்து 8-க்கு இறங்கும். எக்ஸ்870 போர்டுகளில் யூஎஸ்பி 4 கட்டாயம். அதன் கன்ட்ரோலர் ப்ராசஸரின் எஞ்சிய 4 தடங்களைக் கேட்கும். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் யூஎஸ்பி 4-உம் அதே தடங்களுக்குச் சண்டை போடுகின்றன. இரண்டையும் பயன்படுத்தினால் ஒன்றின் வேகம் பாதியாகும், அல்லது பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்கும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கையேட்டின் பிடிஎஃப் கோப்பை இறக்கி, எம்.2 அட்டவணையையும் ‘பிளாக் டயக்ராம்’ பக்கத்தையும் பாருங்கள். எந்த ஸ்லாட் ப்ராசஸரில், எது சிப்செட்டில், எதைச் செருகினால் எது அணையும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்தப் படத்தைத் தராத தயாரிப்புகளும் உண்டு. அவற்றில் ஸ்லாட் அட்டவணையின் நட்சத்திரக் குறிப்புகளை வரி விடாமல் படிக்க வேண்டும்.

ப்ராசஸரும் இந்தக் கணக்கை மாற்றும். ரைசன் 7 8700ஜி-யும் ரைசன் 5 8600ஜி-யும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 8 தடங்கள்தான் தரும், 8500ஜி 4 மட்டுமே தரும். அதுவும் 4.0 வேகத்தில். போர்டின் அட்டையில் ‘பிசிஐஇ 5.0 எக்ஸ்16’ என்று எழுதியிருந்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது. பழைய பி560 போர்டில் 10-ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரைப் பொருத்தினால், ப்ராசஸரோடு இணைந்த எம்.2 ஸ்லாட் வேலையே செய்யாது. அந்தத் தலைமுறை ப்ராசஸரில் அதற்கான தடங்கள் இல்லை. பழைய பாகங்களை வாங்குபவர்கள் ‘ஸ்லாட் போய்விட்டது’ என்று போர்டைத் திருப்பிக் கொடுக்கும் இடம் இது.

திரை இணைப்புகள்

பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இருப்பதால் மட்டும் படம் வந்துவிடாது. ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெலில் பெயரின் முடிவில் ‘எஃப்’ வரும் ப்ராசஸர்களிலும், ரைசன் 5 7500எஃப் போன்றவற்றிலும் அது கிடையாது. மற்ற ரைசன் 7000 வரிசையில் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. விளையாட்டுக்கு ஆகாது, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு பழுதான நாளில் கணினியை எழுப்பிப் பார்க்க அது போதும். அதற்காகவே ‘எஃப்’ இல்லாத ப்ராசஸருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயமான செலவு.

கார்டு இல்லாமல் ஓட்டப்போகிறவர்கள் அடித்தட்டுப் போர்டுகளில் எச்டிஎம்ஐ பதிப்பைக் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு இழுபடுவது கண்ணுக்கே தெரியும். 60-க்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். விவரப் பக்கத்தில் போர்ட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சத் தெளிவையும் ஹெர்ட்ஸையும் சேர்த்தே படியுங்கள். இன்னொன்று, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே ரேம் குச்சியைப் போட்டால் அதன் அலைவரிசை பாதியாகிவிடும். 16 ஜிபி குச்சி ஒன்றைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டு இங்கே நல்லது.

கார்டையும் உள்ளமைந்த கிராஃபிக்ஸையும் ஒன்றாகப் பயன்படுத்த விரும்பினால், உதாரணமாக வீடியோ எடிட்டிங்கில் இன்டெலின் க்விக் சிங்க் (உள்ளமைந்த கிராஃபிக்ஸில் வீடியோவை வேகமாக மாற்றித் தரும் வசதி) வேண்டுமென்றால், பயாஸில் அதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். கார்டைச் செருகியதும் சில போர்டுகள் தாமாகவே அதை அணைத்துவிடும்.

கம்பி நெட்வொர்க்

1 ஜிகாபிட் போர்ட்டில் கோப்பு நகலெடுத்தால் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் வரும். 2.5 ஜிகாபிட்டில் 280-ஐ ஒட்டி வரும். ஆனால் மறுமுனையிலும் 2.5 இருக்க வேண்டும். உங்கள் ரவுட்டரோ ஸ்விட்ச்சோ 1 ஜிகாபிட் என்றால் போர்டிலுள்ள 2.5 ஓர் எண் மட்டுமே. வீட்டுக்குள் சேமிப்பு சர்வர் வைத்திருப்பவருக்கு 2.5 உடனே பயன் தரும். தனி வன்தட்டு ஒன்றின் வேகத்தை அது ஏறக்குறைய முழுதாக விழுங்கிக்கொள்ளும். இணையம் பார்க்க மட்டும் கம்பி இழுத்திருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

சிப் விஷயத்தில் ‘இன்டெல் என்றால் நல்லது, ரியல்டெக் என்றால் மட்டம்’ என்ற பழைய விதி இப்போது நிற்கவில்லை. இன்டெலின் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் 2.5 வேகத்தில் பாக்கெட்டுகளுக்கு இடையேயான இடைவெளியில் பிழை இருந்தது. பாக்கெட் இழப்பு, வேகச் சரிவு எல்லாம் வந்தன. பிந்தைய திருத்தத்தில் அது சரிசெய்யப்பட்டது. அடுத்து வந்த ஐ226-வி-யிலும் இணைப்பு விட்டு விட்டு அறுபடுவதாகப் புகார்கள் உண்டு. டிரைவர் அமைப்பில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ என்ற மின்சேமிப்பை அணைத்தால் பலருக்கு அது நின்றுவிடுகிறது. ரியல்டெக் ஆர்டிஎல்8125 இப்போது நடுத்தட்டில் எங்கும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போர்டில் 1 ஜிகாபிட்தான் இருக்கிறதா? 2.5 ஜிகாபிட் கார்டு பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட்டில் தாராளமாக ஓடும். பிசிஐஇ 3.0-இன் ஒரே தடம் நொடிக்கு 985 மெகாபைட் தரும், 2.5 ஜிகாபிட்டுக்கு 312 போதும். ஆனால் அந்த எக்ஸ்1 ஸ்லாட் கையில் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராஃபிக்ஸ் கார்டு தனக்குக் கீழே உள்ள எக்ஸ்1-ஐ மூடிவிடும். விவரப் பட்டியலில் ஸ்லாட் இருக்கும், கேபினட்டுக்குள் இருக்காது. போர்டின் படத்தை வைத்துக்கொண்டு முதல் ஸ்லாட்டுக்குக் கீழே எத்தனை இடம் தள்ளி அடுத்தது வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிய நெட்வொர்க் சிப்களுக்கான டிரைவர் விண்டோஸ் நிறுவல் கோப்பில் இல்லாமல் போவது சாதாரணம். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும். இணையத்துக்கோ டிரைவர் வேண்டும். ஈதர்நெட், வைஃபை இரண்டின் டிரைவர்களையும் முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்வது பாதி நாளை மிச்சப்படுத்தும்.

வைஃபை: உள்ளே, கார்டாக, யூஎஸ்பியாக

ஒரே போர்டு வைஃபையோடும் வைஃபை இல்லாமலும் இரண்டு வகையாக வருவது வழக்கம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. வைஃபை இல்லாத சில போர்டுகளில் ‘இ கீ’ எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும், பின்தகட்டில் ஆன்டெனாவுக்கான துளைகளும் இருக்கும். அங்கே மாட்யூலை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் மாட்யூலின் எண் முக்கியம். இன்டெல் ஏஎக்ஸ்211 ‘சிஎன்விஐ’ வகை; அதன் பாதி வேலையை இன்டெல் சிப்செட்தான் செய்கிறது, எனவே ஏஎம்டி போர்டில் ஓடாது. ஏஎக்ஸ்210 முழுமையான பிசிஐஇ மாட்யூல், இரண்டிலும் ஓடும். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று 211-ஐ வாங்கி ஏஎம்டி போர்டில் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

பிசிஐஇ வைஃபை கார்டும் நல்ல வழிதான். ஆனால் அதிலுள்ள புளூடூத் பிசிஐஇ வழியாக வருவதில்லை. கார்டிலிருந்து ஒரு சிறிய கேபிள் போர்டின் உள் யூஎஸ்பி 2.0 ஹெடருக்கு (போர்டின் மேல் நீட்டியிருக்கும் முனைத் தொகுதி) போக வேண்டும். மலிவான போர்டுகளில் அந்த 9 முனை ஹெடர் ஒன்றுதான் இருக்கும்; அதைக் கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டோ நீர்க்குளிர்விப்பானோ ஏற்கெனவே பிடித்திருக்கும். வைஃபை ஓடுகிறது, புளூடூத் மட்டும் காணோம் என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

யூஎஸ்பி வைஃபைக் குச்சி கடைசி வழி. சூடாகும், தாமதம் ஏறி இறங்கும், கணினிக்குப் பின்னால் செருகினால் இரும்புக் கேபினட்டின் நிழலில் அலை மங்கும். ஒரு நீட்டிப்புக் கேபிளில் மேசைக்கு மேலே கொண்டுவந்தால் பாதிக் குறை தீரும். போர்டிலேயே வரும் வைஃபைக்கும் இதே சட்டம்தான். கூடவே தரும் ஆன்டெனாவைத் திருகாமல் விட்டுவிட்டு வேகம் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

6இ, 7 என்ற எண்கள் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறக்கின்றன. அதற்கு ரவுட்டரும் 6 கிகாஹெர்ட்ஸ் தர வேண்டும், உங்கள் நாட்டு விதியும் அனுமதிக்க வேண்டும், விண்டோஸ் 10 அதை ஆதரிக்காது. இந்த மூன்றும் பொருந்தாதவருக்கு வைஃபை 6 போதும். மாட்யூல் கழற்றி மாட்டக்கூடியது என்பதால், வைஃபை 7-க்காக ஒரு தட்டு மேலே ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒலி

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் விளம்பரம் பெரிது, வித்தியாசம் சிறிது. அடி, நடுத்தட்டுகளில் ரியல்டெக் ஏஎல்சி897 வரும். மேலே ஏஎல்சி1220, ஏஎல்சி4080 வரும். 1220-இன் சிக்னல்-இரைச்சல் விகிதம் 120 டெசிபெல் என்று சிப்பின் விவரத்தில் இருக்கும். அது சிப்பின் எண். போர்டில் பொருத்திய பிறகு காதுக்கு வருவது அந்த எண் அல்ல. சுற்றுப்பாதை வரைந்த விதமும் தரை இணைப்பும் அதைத் தீர்மானிக்கின்றன. சாதாரண ஹெட்ஃபோன், மேசை ஸ்பீக்கர் என்றால் 897-இல் குறை தெரியாது. 250, 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு அதன் சத்தம் பற்றாது.

மவுஸை நகர்த்தும்போதோ கிராஃபிக்ஸ் கார்டு உழைக்கும்போதோ கேட்கும் ‘கிர்ர்’ சத்தம் பெரும்பாலும் கேபினட்டின் முன்பக்க ஜாக்கில்தான் வரும். அதன் கேபிள் போர்டின் அடி மூலையிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு மேலே போகிறது. முதலில் பின்பக்க ஜாக்கில் செருகிப் பாருங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் போர்டின் மேல் பழியில்லை. கேபிளை வேறு பக்கமாகக் கொண்டுபோனாலே போதும். அங்கேயும் வந்தால் சிறிய யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கான சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்று முழுத் தீர்வு. உயர்ந்த ஒலிச் சிப்புக்காகப் போர்டின் விலையை ஏற்றுவதைவிட அந்தப் பணத்துக்கு டிஏசி வாங்கினால் அடுத்த கணினிக்கும் அது கூட வரும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயரை ஆப்டிகல் கேபிளில் இணைப்பவர்கள், எஸ்/பிடிஐஎஃப் போர்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய போர்டுகளில் அது மறைந்துகொண்டிருக்கிறது. 7.1 என்று போட்டுவிட்டு மூன்றே ஜாக் தரும் போர்டுகளில், எட்டுச் சானலையும் பெற முன்பக்க ஜாக்கையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

சேமிப்பு, ரெய்டு, காணாமல் போகும் எஸ்எஸ்டி

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட்டில் நிற்கும். பிசிஐஇ 3.0 எம்.2 3.5 ஜிகாபைட், 4.0 என்றால் 7, 5.0 என்றால் 14 என்று ஏறும். அன்றாட வேலையில் முதல் தாவலைத்தான் உணர முடியும், 4.0-க்கும் 5.0-க்கும் உள்ள வித்தியாசம் பெரிய கோப்புகளை ஓயாமல் நகர்த்துபவருக்கே தெரியும். எச்610 சிப்செட்டின் தடங்கள் பிசிஐஇ 3.0 மட்டுமே, அந்தத் தட்டில் எம்.2-வும் பெரும்பாலும் அந்த வேகத்திலேயே நிற்கும். அலுவலகக் கணினிக்கு அது ஒரு குறையே அல்ல.

போர்டில் இருக்கும் ‘ரெய்டு’ (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) வசதியை வாங்கும் காரணமாக வைக்காதீர்கள். இன்டெல் ஆர்எஸ்டி ஆனாலும் ஏஎம்டியின் ரெய்டு ஆனாலும் அதில் தனி வன்பொருள் கிடையாது. வேலையைச் செய்வது ப்ராசஸரும் டிரைவரும்தான். போர்டு செத்தால் அதே குடும்பத்துப் போர்டைத் தேட வேண்டும். பயாஸை மீட்டமைத்ததும் ரெய்டு அமைப்பு அணைந்து, விண்டோஸ் எழாமல் நிற்பதும் உண்டு. இரண்டு வட்டில் ஒரே தகவல் வேண்டுமென்றால் இயங்குதளத்தின் மென்பொருள் ரெய்டே மேல். அதை வேறு எந்தப் போர்டுக்கும் எடுத்துப் போகலாம். அதுவும் பேக்கப்புக்கு மாற்று அல்ல.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல்: 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் போர்டுகளில் ‘விஎம்டி’ (எஸ்எஸ்டிகளை ஆர்எஸ்டியின் கட்டுப்பாட்டில் வைக்கும் பயாஸ் அமைப்பு) திறந்திருந்தால் விண்டோஸ் நிறுவும் திரையில் எம்.2 எஸ்எஸ்டி காணப்படாது. எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ரெய்டு தேவையில்லை என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவுங்கள். தேவையென்றால் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவிலிருந்து ஏற்றுங்கள். நிறுவி முடித்த பின் இந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் எழாது.

சாட்டா போர்ட் 4-தான் இருக்கிறதே என்று மேல்தட்டுக்குப் போகவும் வேண்டாம். ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஒரு கார்டு 6 போர்ட்டுகளைச் சேர்த்துவிடும்.

யூஎஸ்பி

பெயர்கள் குழப்பும், எண்களைப் பாருங்கள்: 3.2 ஜென் 1 என்றால் 5 ஜிகாபிட், ஜென் 2 என்றால் 10, ஜென் 2எக்ஸ்2 என்றால் 20, யூஎஸ்பி 4 என்றால் பொதுவாக 40. போர்ட்டின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பின்பக்கத்தில் எத்தனை போர்ட் என்பதை எண்ணுங்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், யூபிஎஸ், வெப்கேம் போட்டதுமே ஐந்து போய்விடும். அடித்தட்டுப் போர்டில் ஆறுதான் இருக்கும்.

முன்பக்க டைப்-சி போர்ட் உள்ள கேபினட் வாங்கினால், போர்டில் அதற்கான தனி ஹெடர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய 19 முனை ஹெடரில் அது செருகாது. இல்லையென்றால் கேபினட்டின் அழகான டைப்-சி துளை கடைசி வரை வெறும் துளைதான்.

ஒயர்லெஸ் மவுஸின் ரிசீவரை வேகமான யூஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை இன்டெலே 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் காட்டியிருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட் இருப்பதைக் கஞ்சத்தனமாக நினைக்க வேண்டாம். ரிசீவருக்கும் கீபோர்டுக்கும் அதுதான் சரியான இடம்.

விஆர்எம்மும் ரேமும்

பிறகு சேர்க்க முடியாதவற்றில் இதுவே முதன்மை. கோர் ஐ5-14400 ப்ராசஸர் உச்சத்தில் 148 வாட் இழுக்கும், கோர் ஐ9-14900கே 253 வாட். ரைசன் 5 7600 சாக்கெட்டில் 88 வாட்டோடு நிற்கும், ரைசன் 9 9950எக்ஸ் அதன் இரு மடங்குக்கும் மேல் போகும். ஹீட்சிங்க் இல்லாத எச்610 போர்டில் ஐ9-ஐப் பொருத்தினால் கணினி எழும், வேலையும் செய்யும். நீண்ட ரெண்டரிங் கொடுத்த சில நிமிடங்களில் விஆர்எம் சூடேறி, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். ப்ராசஸரின் வெப்பநிலையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், அதனால் காரணம் பிடிபடாது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் விஆர்எம் அல்லது ‘மாஸ்’ வெப்ப வரியைப் பார்த்தால் தெரியும். அந்த வரியே சில மலிவுப் போர்டுகளில் இருக்காது.

‘14+2 ஃபேஸ்’ (விஆர்எம்மில் மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் கிளைகள்) என்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரே கட்டளையில் இரண்டு இரண்டாக ஓட்டி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர், ஹீட்சிங்க் உண்மையில் தடிமனாக இருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக் மூடியா என்பதே கேள்வி. ஹீட்சிங்க்கோடு வந்த நடுத்தட்டு பி650, பி760 போர்டு 65 வாட் வகை ப்ராசஸர்களுக்கு மிச்சம் வைத்தே தரும். அவர்கள் மேலே போக வேண்டாம். ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வேண்டுமென்றால் இன்டெலில் இசட் வகை கட்டாயம். ஏஎம்டியில் பி650 போதும், ஏ620-இல் மட்டும் முடியாது.

ரேம் ஸ்லாட் நான்கு இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். புதிய ரேம் வகையான டிடிஆர்5-இல் கணக்கு வேறு. ரைசன் 7000-இல் இரண்டு குச்சிக்கு அதிகாரபூர்வ வேகம் 5200. நான்கு குச்சி போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடும். இன்று 16 இரண்டு போட்டு நாளை இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தோடு போயிற்று. தேவையான மொத்தத்தையும் இரண்டு குச்சியாகவே வாங்குங்கள். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளாதீர்கள்.

பயாஸ் பக்கம்

பின்பக்கத்தில் ‘பயாஸ் ஃபிளாஷ்பேக்’ பொத்தான் இருந்தால், ப்ராசஸரும் ரேமும் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம். ரைசன் 9000 ஆகஸ்ட் 2024-இல் வந்தது. அதற்கு முன் தயாரான பி650 போர்டு பழைய பயாஸோடு பெட்டியில் இருந்தால் அந்த ப்ராசஸரோடு எழாது. பொத்தான் இல்லையென்றால் பழைய ப்ராசஸர் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். செய்முறை எளிது. பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து, கோப்பின் பெயரைக் கையேடு சொல்கிறபடி மாற்றி, அதற்கென்று குறித்த போர்ட்டில் செருகி, பவர் சப்ளையை மட்டும் போட்டு, பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மினுங்கி நிற்கும்வரை மின்சாரத்தைத் தொடக்கூடாது. மினுங்காமல் அப்படியே எரிந்தால் கோப்பின் பெயரோ ஃபார்மேட்டோ தவறு.

பயாஸ் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கிறதா என்பதும் ஒரு வசதிதான். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகியபோது ப்ராசஸரின் எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டோடு நிறுத்தியதும், 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை நிலைகுலைவுக்கான மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வந்ததும் பயாஸ் வழியாகத்தான். தயாரிப்பாளர் தளத்தில் அந்தப் போர்டின் பயாஸ் பட்டியலைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள்.

போர்டின் மூலையில் ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் இருக்கிறதா? கணினி எழாத நாளில் எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் அந்த விளக்குகள், ஆர்ஜிபி வெளிச்சம் அத்தனையையும்விட மதிப்புள்ளவை. ஆர்ஜிபி பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: 3 முனை ஹெடர் 5 வோல்ட், 4 முனை ஹெடர் 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-இல் கட்டாயப்படுத்திச் செருகினால் அது அத்தோடு முடிந்தது. ஃபேன் ஹெடர் ஒன்று பொதுவாக 1 ஆம்பியர் தரும். பிரிப்பான் கேபிளில் மூன்று நான்கு ஃபேனைத் தொங்கவிடும் முன் ஃபேன்களின் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.

யாருக்கு எது

ஆவணம், இணையம், கணக்கு வேலை: உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள ப்ராசஸர், எச்610 அல்லது ஏ620, எச்டிஎம்ஐ 2.0, ஒரு எம்.2. வைஃபை தேவையென்றால் வைஃபை உள்ள வகையையே எடுங்கள். இந்தத் தட்டில் கார்டு வைக்க இடமும் குறைவு, தனியாக வாங்குவதில் லாபமும் குறைவு.

விளையாட்டு: நடுத்தட்டு, ஹீட்சிங்க் உள்ள விஆர்எம், ஃபிளாஷ்பேக் பொத்தான், ப்ராசஸரோடு நேராக இணைந்த பிசிஐஇ 4.0 எம்.2 ஒன்று. மிச்சப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பி650-க்கும் பி650இ-க்கும் உள்ள முக்கிய வித்தியாசம் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் பிசிஐஇ 5.0 உறுதியா என்பதுதான். அதற்காக ஏற வேண்டாம்.

வீடியோ எடிட்டிங், பெரிய கோப்புகள், வெளி எஸ்எஸ்டி: இங்கேதான் மேல்தட்டுக்கு நியாயம் இருக்கிறது. யூஎஸ்பி 4, பல எம்.2, பலமான விஆர்எம் மூன்றும் ஒன்றாக வேண்டும். அப்போதும் பங்கீட்டு அட்டவணையைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

போர்டு கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், இப்போதைக்குப் பயன்படுத்தாதவற்றையும் சேர்த்து. ஒரே எஸ்எஸ்டியை ஒவ்வொரு எம்.2 ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் இணைப்பு வேகம் சொன்னபடி வருகிறதா என்று பாருங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை தடத்தில் ஓடுகிறது என்பதைக் கார்டு உழைக்கும்போது படியுங்கள். சும்மா இருக்கும்போது அது குறைத்துக் காட்டும். ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் ஒரு பென்டிரைவ், முன்னும் பின்னுமாக ஒலி ஜாக்குகள், மைக்கில் ஒரு பதிவு. ஈதர்நெட்டின் வேகம் 2.5 என்று காட்டாமல் 1 என்று காட்டினால் முதலில் கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகியுங்கள். 100 மெகாபிட் என்று காட்டினால் கேபிளில் ஏதோ ஓர் இழை தொடர்பற்றிருக்கிறது. நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் குச்சிகளை மற்ற இரண்டுக்கும் மாற்றி ஒருமுறை எழுப்பிப் பாருங்கள், பிறகு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளுக்கே, பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும், திருப்பி வைத்துவிடுங்கள்.